செத்தவன் சுவரில் ஏறக் கூடாது

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். சொறி விஷயத்தில் அந்தக் கணக்கு உதைத்தது. உயிரோடு இருந்தவரை அவனை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. செத்துப்போனான் என்று கேள்விப்பட்டதும் ஊரே தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அவன் சாகவில்லை.

சொறி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவ்வளவு கொடுமைக்காரர்கள் இல்லை அவர்கள். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் முதலாளி வைத்த பெயர் அது. எவன் எதைச் சொன்னாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கழுத்தைச் சொறிவது இவன் வழக்கம். வாடிக்கையாளர் காரைப் பார்த்து நல்ல நிறம் என்றாலும் சொறிவான், மோசமான நிறம் என்றாலும் சொறிவான். வேறொருவனாக இருந்தால் அப்படி ஒரு பெயருக்கு வெட்கப்பட்டிருப்பான். இவன் அதையே ஸ்ப்ரே டப்பாவால் ஊர்ச் சுவரெல்லாம் எழுதிவைத்தான்.

அவன் எழுத ஆரம்பித்த கதை ரொம்ப அற்பமானது. ஷெட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெரிய வீட்டுக்காரர் புதிதாக மதில் கட்டி, பளிச்சென்று வெள்ளையடித்து, நட்டநடுவில் சிவப்பு எழுத்தில் ‘இங்கே எழுதாதே’ என்று எழுதிவைத்தார். அதுவரை அந்தச் சுவரில் எவனும் ஒரு கோடுகூடக் கிழித்ததில்லை. எழுதாதே என்று எழுதித்தான் அவரே அந்தச் சுவரைக் கெடுத்தார். சொறிக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஷெட்டிலிருந்த ஒரு டப்பாவை எடுத்துப்போய், அதற்கு அடியில் ‘நீ மட்டும் எழுதலாமா?’ என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவர் இரண்டையும் அழித்துவிட்டு முன்பைவிடப் பெரிதாக ‘எழுதாதே’ போட்டார். இவன் அதற்கடியில் தன் பெயரைப் போட்டான். அவர் அழிக்க, இவன் எழுத, கடைசியில் மனுஷன் வெறுத்துப்போய் மதில் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டார். அதற்குள் இவன் கைக்குப் பழக்கம் வந்துவிட்டது. பழகின கை சும்மா இருக்குமா? அடுத்த சுவரைத் தேடியது.

பாணி என்று ஒன்று வந்ததே, அதுவும் அப்படித்தான். ஆள் குள்ளம். உயரத்துக்கு ஷெட்டின் பழைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறுவான். வாளியின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்ததால் ஏறினவுடன் இடப்பக்கம் சாயும், எழுத்தும் கூடவே சாயும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு நிஜமாகவே வாளி கோணல். நிறம்? ஷெட்டில் மிஞ்சுவது எதுவோ அது. முதல் பூச்சுக்கு அடிக்கிற சாம்பல் நிற ப்ரைமர் எப்போதும் மிஞ்சும். யாரோ ஒருவர் அரைக் காருக்கு அடித்தபின் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப்போன மெரூன் நிறமும் நிறையக் கிடந்தது. சாம்பலில் கரை, மெரூனில் வயிறு. கொம்பு சுருண்டு, ச-வின் தொந்தி ஊதி, றி-யின் மேல்சுழி முன்னால் இருக்கிற எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். சொறி என்று சுவரில் எழுதிப் பழகினவர்கள் கண்டுபிடித்தால்தான் உண்டு, மற்றவர்களால் படிக்க முடியாது.

எதற்காக எழுதினான் என்று கேட்டால், எல்லாரையும் பிடிக்காததால் எழுதினான். வீட்டுக்காரர்களைப் பிடிக்காது. சுவரில் பொன்மொழி எழுதுகிறவர்களைப் பிடிக்காது. இதயம் வரைந்து அம்பு விடுகிறவர்களைக் கண்டால் கை பரபரக்கும். டப்பாவோடு அலைகிற மற்றச் சுவர்க்காரர்களைப் பார்த்தால் இன்னும் இளப்பம். அனுமதி வாங்கி எழுதுகிறவன் குமாஸ்தா, கூட்டமாகப் போய் எழுதுகிறவன் கோழை, எழுதிவிட்டுப் போட்டோ எடுக்கிறவன் கல்யாண மாப்பிள்ளை என்பான். அதனால் எவரோடும் சேரவில்லை. வேலைக்குப் போகிற வழியில் விடிகாலையில் தனியாக எழுதுவான். அவன் எழுத்தைத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், முகத்தைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அவன் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள், நாளெல்லாம் ஊர் வாயைப் பார்த்துப் பார்த்து எதற்கும் அசராதவள். “கரண்ட் பில்லுல கூட எங்கப்பா பேருதான் இருக்கு. உங்க பேரு வீட்டுல ஒரு இடத்துலயும் இல்ல, அதான் தெருவுல எழுதுறீங்க,” என்று ஒருநாள் சொன்னாள். அது உண்மையாக இருந்ததால் அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

சுவர்க்காரர்களுக்கும் சட்டம் உண்டு. போலீஸ்காரர்களுக்குக்கூட அவ்வளவு சட்டம் இருக்காது. ஒருவன் எழுத்தின் மேல் இன்னொருவன் ஏறி எழுதுவதென்றால் அதைவிட நன்றாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஏறுகிறவன் கத்துக்குட்டி, அவனை ஊரெல்லாம் தேடித் தேடி அழிப்பார்கள். தன் எழுத்தைத் தானே அழித்துக்கொள்ள எவனுக்கும் உரிமை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம், செத்தவன் சுவரில் ஏறக் கூடாது. செத்தவன் எழுதினது எவ்வளவு கேவலமாக இருந்தாலும், சுவரே இடிந்து விழும்வரை அப்படியே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு சட்டத்தை மட்டும் அவர்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஷெட்டில் ஏணி சறுக்கி சொறிக்கு வலது தோள்பட்டை நொறுங்கியது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கை தோள் உயரத்துக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று மனைவி அவனை வெளியூரில் இருந்த தன் அக்கா வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். அங்கே ஒரு வருஷத்துக்கும் மேல் சகலையின் அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டு கிடந்தான். சாவு அதைவிடத் தேவலை என்று அவனுக்கே தோன்றியது.

அவன் ஊரைவிட்டுப்போன அதே வாரத்தில் மேம்பாலத்தை ஒட்டிய விளம்பரப் பலகையிலிருந்து யாரோ ஒருவர் விழுந்து இறந்தார். பலகைக்கு நேர் கீழே இருந்தது சொறியின் பெரிய சுவர். அங்கே எழுதினதுதான் அவன் எழுதியதிலேயே பெரிது. அவன் பெயர் புதிதாக எங்கும் முளைக்காமல் போகவே, சுவர்க்காரர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். செத்தது யார் என்று ஒரு போன் செய்து கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பலகையில் ஏறுகிறவன் என்றால் அவர்களுக்கு அவர்களைப் போன்ற ஒருவன்தான். உலகத்தில் வேறு யாருக்கும் உயரத்தில் வேலை இருக்கும் என்பது அந்த மூளைகளுக்கு எட்டவில்லை.

திரும்பி வந்த அன்று பஸ்ஸில் மேம்பாலத்தைக் கடந்தபோது சொறி அதைப் பார்த்தான். அவன் எழுத்தை வரி பிசகாமல் நான்கு மடங்கு பெரிதாக்கி, இரண்டு பக்கமும் இறக்கை வைத்து, கீழே ‘சொறி அண்ணன் விழவில்லை, பறந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். செத்தவன் சுவரில் ஏறக் கூடாது என்ற சட்டம் அஞ்சலிக்குப் பொருந்தாது போலிருக்கிறது. அடியில் வாடின பூக்களும் உருகின மெழுகுவத்திகளும் கிடந்தன. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துபோய்ப் பார்த்தான். இறக்கை கோழி இறக்கை மாதிரி இருந்தது. எழுத்து மட்டும், சொல்லக் கூடாது, அவன் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அடி வயிற்றில் குளுகுளுவென்று ஒரு சந்தோஷம் ஓடியது. அதைத் தனக்கே காட்டிக்கொள்ளாமல், மடையனுங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே, செத்தாயிற்று என்றால் நல்லது, இனிமேல் பெயிண்ட் நாற்றத்தோடு வீட்டுக்கு வர மாட்டீர்கள் அல்லவா என்று கேட்டாள்.

சில நாட்கள் அவன் செத்த சுகத்தை அனுபவித்தான். ஷெட்டில் கை தூக்க முடியாததால் பெயிண்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னைப் பிடுங்கிக்கொண்டு உப்புத்தாள் தேய்க்கப் போட்டிருந்தார்கள். அதுகூட அவ்வளவாக உறைக்கவில்லை. ஊரில் எங்கே போனாலும் அவன் பழைய எழுத்துகள் மேல் ஒருவனும் ஏறியிருக்கவில்லை. புதுப்பையன்கள் எல்லாரும் இடப்பக்கம் சாய்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வாளி நசுங்காதவர்களும் சாய்த்தார்கள்.

அப்புறம் ஒரு காபிக்கடையில் நினைவுக் கூட்டம் நடந்தது. ‘சொறியின் வழி’ என்று நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அவனும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தான். பேசினவன் பெயர் கொசு, பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், தலையில் எந்நேரமும் தொப்பி. கொசு எழுதுகிற எழுத்தும் கொசு மாதிரிதான், பார்த்தால் அடிக்கத் தோன்றும். பக்கத்தில் ரம்பம் என்று எழுதுகிற பெண் உட்கார்ந்திருந்தாள், செல்போன் பழுது பார்க்கிறவள். அவளுக்கு மட்டும் கை நன்றாக வரும். அதை ஒப்புக்கொள்வதற்குள் சொறிக்கு வயிறு எரிந்தது.

கொசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அண்ணன் எப்படி ஆரம்பித்தார் என்பதிலிருந்து தொடங்கினான். குரலற்றவர்களின் பசியைக் கண்டு பொறுக்காமல் ஆரம்பித்தாராம். அந்தச் சாய்வு, உலகம் சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கலகமாம். சாம்பல் நிறம் எரிந்துபோன கனவுகளாம், மெரூன் உழைப்பாளியின் ரத்தமாம். கடைசியாக, அவரை எழுதவைத்தது மனிதர்கள் மேல் வைத்த அளவில்லாத அன்பு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான். சொறிக்குக் குடித்த காபி புரை ஏறியது. பொறுக்கமாட்டாமல் எழுந்து, ஒருவேளை ஏறி நின்ற வாளி கோணலாக இருந்திருக்கலாம், நிறம் எங்கேயாவது மிஞ்சினதாக இருக்கலாம் என்றான்.

எல்லாத் தலையும் திரும்பியது. கொசு அவனை இரக்கத்தோடு பார்த்து, “அங்கிள், அவரை ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?” என்றான்.

தினமும் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறவன் சுவருக்குக் காவல் கிடையாது. ஒரே வாரத்தில் ஊரிலுள்ள கொசுவும் மூட்டைப்பூச்சியும் அவன் எழுத்து மேலெல்லாம் ஏறிவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். பெருமை என்பது கெட்ட வஸ்து, பிடிக்காதவன் கொடுத்தால்கூட வாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

ஆனாலும் கை கேட்கவில்லை. பெயர் இவனுடையது, எழுதுகிற உரிமை மட்டும் இல்லை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு நாள் காலை டயர் குடோனுக்குப் பின்னால் யாரும் இல்லாத சுவராகப் பார்த்து எழுதினான். வலது கை பாதியில் நின்றது. கொம்பு சுருளவில்லை, மேல்சுழி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. போகட்டும், இத்தனை நாள் கழித்து இவ்வளவு வந்ததே என்று தேற்றிக்கொண்டு போனான். மறுநாள் பார்த்தால் அதன் மேல் குறுக்கே கோடு போட்டு ‘செத்தவன் பேரைத் திருடும் நாயே’ என்று கொசுவின் கையெழுத்து. அதற்கடியில் ரம்பத்தின் அழகான கையில் இன்னொரு வரி, ‘கோணல்கூட ஒழுங்கா வரல.’

நாய் என்றது உறைக்கவில்லை. இரண்டாவது வரி நெஞ்சில் முள்ளாக நின்றது. தன் பெயரைத் தானே எழுத, அதைப் போலி என்று சொல்லி, போலியிலும் மட்டம் என்று சொல்லிவிட்டாளே. செத்தவனாக இருந்து பூ வாங்குவதைவிட உயிரோடு இருந்து உதை வாங்கலாம் என்று முடிவு செய்தான். அந்தப் பெரிய சுவரிலேயே போய், இறக்கைக்கு நடுவில், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிவிடுவது. அப்புறம் எவன் ஏறினாலும் சரி, பெயர் தன் கைக்குத் திரும்பி வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு டின் வெள்ளை ப்ரைமர், நீளக்கழி வைத்த ரோலர், இரண்டு ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனான். சுவருக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சலவைக்கூடத்துச் சீருடை, சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள், இவன் வயதுதான் இருக்கும். இதுவும் ஒரு பக்தகோடி போலிருக்கிறது என்று சலித்துக்கொண்டு, அவள் போகட்டும் என்று தள்ளி நின்றான். அவள் போகவில்லை. அவன் பையைப் பார்த்துவிட்டு, நீங்களும் இந்தச் சொறிக்கு வேண்டியவரா என்று கேட்டாள். எதற்கு என்று தெரியாமலே, ‘இல்லை’ என்றான்.

“நல்லதாப் போச்சு,” என்றாள். “இங்க விழுந்தது எங்க வீட்டுக்காரரு. அதோ அந்த போர்டுக்கு ப்ளெக்ஸ் கட்ட ஏறினாரு, கயிறு அறுந்துபோச்சு. காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநாள் இங்க வந்து பாத்தா பூ வச்சிருக்காங்க, மெழுகுவத்தி ஏத்தியிருக்காங்க. முன்னபின்ன தெரியாத ஜனங்க எங்க வீட்டுக்காரருக்காக அழுவுதேன்னு நானும் இங்கயே உக்காந்து அழுதேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அழுதது எவனோ சொறிக்குன்னு.”

அவள் இவனுக்காகப் பேசினதாகத் தெரியவில்லை, இத்தனை நாள் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததைக் கொட்டினாள். அந்தப் பையன்களிடம் போய்க் கேட்டாளாம். பெரிதாக எதுவும் வேண்டாம், ஒரு ஓரமாக அவர் பெயரையும் எழுதுங்கள் என்றாளாம். செத்தவர் சுவரில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் பேசினார்களாம்.

“அப்ப எங்க வீட்டுக்காரரு வேற எங்க போயி செத்திருக்கணும்? விழலையாம், பறந்தாராம். துணியில சுத்திக் குடுத்தத கையில வாங்கினது நான்தானே. அந்தச் சொறி எங்கயாவது நல்லா சாப்ட்டு படுத்துக் கெடப்பான், பாருங்க. இப்படி ஒரு பேரு வச்சுக்கிட்டவன் அவ்ளோ சீக்கிரம் சாக மாட்டான்.”

இத்தனை வருஷத்தில் சொறியைப் பற்றி யாராவது சரியாகச் சொன்னார்கள் என்றால் அது இவள்தான். சொறிக்குக் கோபம் வரவில்லை. கோபம் எங்கே போய்த் தொலைந்தது என்று தேடிப் பார்த்தான், அது இருந்த இடத்தில் அவமானம்தான் உட்கார்ந்திருந்தது. சாக்குப்பை கையில் கனத்தது. எனக்கென்ன வந்தது, எழுத வந்ததை எழுதிவிட்டுப் போவோம் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்து, தன்னையே கேவலமாகத் திட்டிக்கொண்டான்.

“உங்க வீட்டுக்காரரு பேரு என்ன?” என்றான்.

அவள் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் போய்ச் சுவரில் பார்த்துக்கொள்ளட்டும்.

சொறி ப்ரைமர் டின்னைத் திறந்தான். இறக்கைகளை அழிப்பதில் கஷ்டமே இல்லை, ஆனந்தமாகவே இருந்தது. ‘பறந்தார்’ போனதும் அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். பெயருக்கு வந்தபோது ரோலர் நின்றது. ச-வின் தொந்தியில் மெரூன் அப்படியே பழுத்து நின்றது. கரையில் ஒரு பிசிறு இல்லை. இதைவிட நன்றாக அவன் பெயரை உலகத்தில் எவனும் எழுதியதில்லை. இந்தத் தோளை வைத்துக்கொண்டு இனி அவனும் எழுதப்போவதில்லை. இதை அழித்துவிட்டால் அவன் யார்? உப்புத்தாள் தேய்க்கிற ஒருத்தன். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினான். கண்ணில் நீர் வந்ததற்கு ப்ரைமர் வாடையைச் சாக்குச் சொல்லலாம், ஆனால் அந்த வாடை அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம் மாதிரிதான். அவன் அழுதான், அவ்வளவுதான்.

வெள்ளை காய்ந்ததும் இடது கையில் டப்பாவை எடுத்தான். இடது கைக்கு வளைவும் தெரியாது, சுழியும் தெரியாது. பள்ளிக்கூடப் பலகையில் எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, நேராக, தனித்தனியாக எழுதினான். வாளியும் கொண்டுவரவில்லை. தரையில் நின்று எட்டின உயரத்தில் எழுதினதால் எழுத்து எந்தப் பக்கமும் சாயவில்லை. பார்க்க மகா கண்றாவியாக இருந்தது.

கடைசி எழுத்தை முடித்தபோது பைக்குகள் வந்து நின்றன. காபிக்கடைக் கூட்டத்தில் யாரோ பார்த்துச் சொல்லியிருப்பார்கள். கொசு ஓடி வந்து டப்பாவைத் தட்டிவிட்டான். செத்தவன் சுவரில் எப்படி ஏறலாம் என்று சட்டையைப் பிடித்தான். ரம்பம் வெள்ளையாகிப்போன சுவரையே பார்த்தாள்.

“நான்தான் சொறி. இது என் சுவரு. அழிச்சேன்,” என்றான் சொறி.

கொசு சிரித்த சிரிப்பு பாலத்தின் அடியில் எதிரொலித்தது. அப்படியானால் எழுதிக் காட்டு என்று பாலத்தூணைக் காட்டினான். சொறி இன்னொரு டப்பாவை எடுத்து வலது கையைத் தூக்கினான். கை தோள் மட்டத்தில் நின்றது. பிடிவாதமாக இழுத்ததில் வலி சுரீரென்று கழுத்துவரை ஏறியது. கொம்பு ஒரு பக்கம், தொந்தி ஒரு பக்கம் என்று தூணில் ஏதோ ஒன்று வழிந்தது. டயர் குடோனுக்குப் பின்னால் எழுதின திருட்டு நாய் நீதானா என்று கொசு கத்தினான். பழைய சுவரைத் திரும்ப எழுதிவிடலாம் என்று தன் பையிலிருந்து மெரூன் டப்பாவை எடுத்துக் குலுக்கினான்.

அந்தப் பெண் போய்ச் சுவரை மறித்து நின்றுகொண்டாள். “செத்தவங்க மேல எழுத மாட்டீங்கல்ல? இங்க செத்தவரு எங்க வீட்டுக்காரருதான். எழுது பாப்போம்.”

கொசுவின் கை அப்படியே நின்றது. சட்டம் பேசுகிறவனுக்கு அதே சட்டத்தைத் திருப்பிக் காட்டினால் முழிப்பதைத் தவிர வேறு என்ன செய்வான்? அவன் ரம்பத்தைப் பார்த்தான். அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள், சுவரில் இருந்த பெயரைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் வெளுத்த விரல்களைப் பார்த்தாள். பெயர் இருக்கட்டும் என்றாள். ஆனால் இவ்வளவு அசிங்கமான எழுத்திலா இருக்க வேண்டும், நாங்களே நிறம் கொடுத்து அழகாக எழுதித் தருகிறோம் அக்கா என்றாள்.

“வேணாம்மா. படிக்க முடியுது, அது போதும்,” என்றாள் அந்தப் பெண்.

சொறி எழுதின எதைப் பார்த்தும் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

ரம்பம் அவன் பக்கம் திரும்பினாள். ரொம்ப நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் தூணில் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று சொறியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் குரலில் மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. “இந்தப் பேரை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன். கொசுவும் தொட மாட்டான். ஆனா சொறிங்கற பேரை இனிமே நீங்க எங்கயும் எழுதக் கூடாது. எழுதினீங்கன்னா இதுவும் போயிடும்.”

நான்தான் அவன் என்று இன்னொரு தடவை கத்த வாய் திறந்தான். கத்தியிருந்தால் ரம்பமாவது நம்பியிருப்பாளோ என்னவோ. சுவரை மறித்து நின்றவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ப்ளெக்ஸ் கட்டுகிறவரின் பெயர் இன்னும் ஈரமாக இருந்தது.

“எழுத மாட்டேன்,” என்றான்.

எதை எழுத மாட்டீர்கள் என்று முழுசாகச் சொல்லுங்கள் என்றாள் ரம்பம்.

“சொறின்னு எழுத மாட்டேன். அவன் செத்துட்டான்.”

கொசு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.